செமஸ்டர் டிக்கெட்டும் இட்லி மாவும்: ஐரோப்பாவில் படிக்கும்போது ஊர் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் ஆகன் நகரத்திலிருந்து மேற்கே காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் வால்ஸர்பெர்க் என்றொரு குன்று வரும். உயரம் 322 மீட்டர். ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நிலப்பகுதிக்கு அதுதான் உச்சி. ஏற்காட்டுக்கு ஏறி இறங்கி வளர்ந்தவனுக்கு அதைக் குன்று என்று சொல்லவே கூச்சம். மேலே ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் ஒரு கல்லில் சந்திக்கின்றன. பிள்ளையாரைச் சுற்றுவதுபோல அந்தக் கல்லை ஒரு சுற்றுச் சுற்றினேன். சட்டைப்பையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. நெதர்லாந்துக்கு நல்வரவு, பெல்ஜியத்துக்கு நல்வரவு. அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேலி எங்கடா?" என்றார்.

வேலி இல்லை. அதனாலேயே வந்து இறங்கியதும் எல்லோருக்கும் ஒரு வெறி பிடிக்கிறது. எனக்கும் பிடித்தது. முதல் ஆறு மாதத்தில் பதினொரு நாடு. அவற்றில் ஏழு நாடுகளைப் பற்றி இன்று கேட்டால் இரண்டு வரிக்கு மேல் சொல்ல வராது. போட்டோக்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டரை வருடம் நாடுகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ரயில் டிக்கெட் எதுவரை செல்லுமோ அதுவரை, போன ஊருக்கே மறுபடி மறுபடி போனேன். அந்தச் சுற்றல்தான் உடம்பில் ஒட்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். நான் ஜெர்மனியில் படித்தவன். மற்ற நாடுகளில் படிப்பவர்கள் டிக்கெட் விவரத்தை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: காகிதம்

இதை முடிக்காமல் எந்த டிக்கெட்டும் போடாதீர்கள். படிக்கும் நாட்டின் நீண்டகால விசாவோ ரெசிடென்ஸ் கார்டோ கையில் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வர ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளில், எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்வரை சுற்றலாம். சுற்றத்தான் அனுமதி, வேலை செய்ய இல்லை. ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. சுவிட்சர்லாந்து நேர்மாறு. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. டப்ளினுக்கோ லண்டனுக்கோ மலிவாக விமான டிக்கெட் கிடைத்தது என்று துள்ளுகிறவர்கள் அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம், பாஸ்போர்ட். "கார்டு இருக்கிறதே, பாஸ்போர்ட் எதற்கு" என்று நானும்தான் நினைத்தேன். ஒருமுறை ஆம்ஸ்டர்டாமிலிருந்து இரவுப் பேருந்தில் திரும்பும்போது எல்லையில் போலீஸ் ஏறியது. பாஸ்போர்ட் அறை மேசையில், நான் கடைசி சீட்டில். பேருந்து முழுவதும் என்னால் இருபது நிமிடம் காத்திருந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அந்த மௌனம் இருக்கிறதே! ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைக்கத் தொடங்கியது. அம்மாவிடம் "வேலி இல்லை" என்று பெருமையாகச் சொன்னது முழு உண்மை இல்லை. கார்டு, பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

கார்டு புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் இடைக்காலத்தில் தரும் தற்காலிகச் சான்றை நம்பி நாடு தாண்டாதீர்கள். அதில் வகைகள் உண்டு, எல்லா இடத்திலும் ஒரே மதிப்பில்லை. அந்த மாதங்களில் உள்நாட்டில் சுற்றுங்கள். உள்ளூர் ரொம்பப் பெரிது.

இன்னொரு சின்ன விஷயம். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்து இதில் சேராது. என் அறைத்தோழன் பாசலில் இறங்கி மேப் திறந்து, வீட்டுக்கு வீடியோ கால் பேசி, அடுத்த மாதம் பில்லைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். சுவிஸ் எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிடுங்கள், மேப்பை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: டிக்கெட் எதுவரை செல்லும் என்று பாருங்கள்

ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு நாடு முழுக்கச் செல்லும் செமஸ்டர் டிக்கெட்டும் வருகிறது. 2024 கோடைச் செமஸ்டரில் இது தொடங்கியபோது மாதக் கணக்கில் 29.40 யூரோ. வருடா வருடம் கொஞ்சம் ஏறுகிறது. பிராந்திய ரயில், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயில்களுக்குச் செல்லாது. இதை நம்மூர் பாஸஞ்சர் ரயில் பாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம், நேரம்தான் ஆகும்.

வந்த முதல் மாதமே பாரிஸ், ரோம் என்று கிளம்பாதீர்கள். மேப்பில் உங்கள் ஊரைச் சுற்றி இரண்டு மணி நேர ரயில் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் உள்ளதைப் பாருங்கள். என் வட்டத்தில் என்ன இருந்தது என்று சொன்னால் புரியும்.

ஆகனிலேயே ஷார்லமேன் பேரரசரின் கதீட்ரல். அவர் 814-ல் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர். யுனெஸ்கோ 1978-ல் முதன்முதலாக வெளியிட்ட 12 உலகப் பாரம்பரியச் சின்னங்களில் அதுவும் ஒன்று. நான் தினமும் அதன் பக்கவாட்டுச் சந்து வழியாகக் காய்கறி வாங்கப் போனேன். நான்கு மாதம் உள்ளே போகவில்லை. ஊரில் இருப்பவன் உள்ளூர்க் கோயிலுக்குப் போகமாட்டான் என்பது எங்கே போனாலும் பொருந்தும்போல.

ஒரு மணி நேரத்தில் கொலோன். 1248-ல் அடிக்கல் போட்டு 1880-ல்தான் அதன் கதீட்ரலை முடித்தார்கள். நடுவில் சில நூறு வருடம் வேலையே நடக்கவில்லை, பாதிக் கோபுரத்தின் மேல் பழைய பாரந்தூக்கி மட்டும் நின்றதாம். 533 படிகள். மேலே ஏறி, மூச்சு வாங்கி, கீழே ரைன் நதியையும் இரும்புப் பாலத்தையும் பார்க்கலாம். எல்லையைத் தாண்டினால் மாஸ்ட்ரிக்ட். 1992 பிப்ரவரி 7-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தான ஊர். எனக்கு அதைவிட அங்கே ஒரு பழைய டொமினிக்கன் மாதா கோயிலுக்குள் இருக்கும் புத்தகக் கடை பிடிக்கும். இரும்பு அலமாரிகள் மாடி மாடியாக ஏறி, கூரை ஓவியங்களுக்கு அருகே கொண்டுபோய் விடும். பெல்ஜியப் பக்கம் லியேஜ். ஸ்டேஷனே ஒரு வெள்ளைத் திமிங்கலத்தின் விலாக்கூடு மாதிரி இருக்கும், கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்து 2009-ல் திறந்தது. வெளியே வந்து சர்க்கரை உருகி ஒட்டும் வாஃபிள் ஒன்று.

அந்த வால்ஸர்பெர்க் கல்லுக்கு இன்னொரு கதை இருப்பது மூன்றாவது தடவை போனபோதுதான் தெரிந்தது. ஒரு காலத்தில் அங்கே மூன்றல்ல, நான்கு எல்லைகள். பக்கத்தில் ஒரு துத்தநாகச் சுரங்கம். நெப்போலியன் வீழ்ந்தபின் அது யாருக்கு என்று அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவும் நெதர்லாந்தும் ஒத்துப்போகவில்லை. 1816-ல் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் நிலத்தை "யாருக்கும் இல்லை" என்று விட்டுவிட்டார்கள். பெயர் நடுநிலை மோரெஸ்னெட். 1908-ல் அங்கே சிலர் எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியில் ஒரு நாடே அமைக்கப் பார்த்தார்கள். அமிகேயோ என்று பெயரும் வைத்தார்கள், நட்பின் இடம் என்று பொருள். முதல் உலகப் போருக்குப் பின் 1920-ல் பெல்ஜியம் எடுத்துக்கொண்டது. பதினொரு நாடு பார்த்தவன் என்று பீற்றிக்கொண்ட எனக்கு, நான் வசித்த ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு காணாமல்போன நாடு இருந்தது தெரியவில்லை.

மூன்றாம் படி: பணம்

ஜெர்மன் விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ போட்டுவிட்டு வருகிறோம். மாதம் 992 யூரோ விடுவிப்பார்கள். வாடகை, காப்பீடு, சாப்பாடு போக எனக்கு 120, 130 யூரோ மிஞ்சும். பகுதிநேர வேலை கிடைத்த மாதங்களில் கூடுதல். 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்ய மாணவர்களுக்கு அனுமதி உண்டு. அதனால் என் கணக்கு எளிது: மாதம் இரண்டு முறை டிக்கெட் எல்லைக்குள் ஒருநாள் பயணம், ஒன்றுக்குப் பத்து யூரோவுக்குள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரவு தங்கும் பயணம். வருடத்துக்கு ஒன்று பெரியது.

கைக்காசை உறிஞ்சுவது சின்னச் சின்னச் செலவுகள்தான். ஸ்டேஷன் கழிப்பறைக்கு ஒரு யூரோ. ஜெர்மன் ஓட்டலில் தண்ணீர் கேட்டால் பாட்டில் வரும், அதற்கும் விலை. குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். ரோமில் தெருவுக்குத் தெரு குழாயில் நல்ல குடிநீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஜெர்மனியில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். ஒன்றுக்கு 25 சென்ட் முன்பணம், சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். ஹாஸ்டலில் பார்ட்டி முடிந்த மறுநாள் காலையில் யார் முதலில் எழுகிறார்களோ அவர்களுக்கு அன்றைய ரொட்டிச் செலவு மிச்சம்.

சாப்பாட்டுக்கு நம் முன்னோர் கண்டுபிடித்த தீர்வைவிட நல்லது ஒன்றும் இல்லை. புளியோதரை. இரண்டு நாள் தாங்கும், சூடாக்க வேண்டாம், பேருந்தில் வாசம் அதிகம் வராது. தயிர்சாதம் குளிர்காலத்தில் மட்டும். தங்கும் விடுதியில் பொதுச் சமையலறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே புக் செய்யுங்கள்.

நான்காம் படி: ரயில் ஏறும் கலை

பிராந்திய ரயிலில் நெடுந்தூரம் போகும்போது ஆப் காட்டும் ஏழு நிமிட மாற்றத்தை நம்பாதீர்கள். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்பதை நம்பிக்கொண்டு வந்தவர்கள் முதல் மாதத்திலேயே தெளிந்துவிடுவார்கள். குறைந்தது இருபது நிமிடம் இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள், அன்றைய கடைசி ரயிலுக்கு முந்தியதையே உங்கள் கடைசி ரயிலாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக டிக்கெட் எடுத்த பயணத்தில் ரயில் 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடம் தாமதமானால் 50 சதவீதமும் கேட்டு வாங்கலாம் என்பது பொதுவான ஐரோப்பிய விதி. வெட்கப்படாமல் படிவத்தை நிரப்புங்கள்.

கோடை விடுமுறையில் பல நாடு போகிறீர்கள் என்றால் ரயில் பாஸ் எடுக்கலாம். இங்கேதான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் யூரெயில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில். பாஸ்போர்ட்டின் நிறம் பொருட்டல்ல, வசிக்கும் இடம்தான் கணக்கு. ரெசிடென்ஸ் கார்டு இருந்தால் உங்களுக்கு இன்டர்ரெயில். வயது 27 வரை இளையோர் கட்டணம். வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒருமுறை, திரும்பி வர ஒருமுறை மட்டும் செல்லும். பிரான்ஸ், இத்தாலி வேக ரயில்களில் பாஸுக்கு மேல் இடப் பதிவுக் கட்டணம் தனி, அதைக் கணக்கில் சேர்க்காமல் பாஸ் மலிவு என்று முடிவுகட்டாதீர்கள்.

என் செல்ல வழி ஒன்று சொல்கிறேன். ட்ரியர் வரை பிராந்திய ரயில். அங்கே போர்ட்டா நிக்ரா என்ற ரோமானியர் காலத்துக் கருங்கோட்டை வாசல். அப்புறம் எல்லை தாண்டி லக்சம்பர்க். அந்த நாட்டில் 2020-லிருந்து பேருந்து, டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாம் எல்லோருக்கும் இலவசம். டிக்கெட் வாங்கும் இயந்திரத்தைத் தேடி ஐந்து நிமிடம் அலைந்தேன், ஓட்டுநர் சிரித்தபடி ஏறச் சொன்னார். அங்கிருந்து பேருந்தில் ஷெங்கன் கிராமத்துக்குப் போகலாம். மோசல் நதிக்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14-ல் ஐந்து நாடுகள் அங்கே நதியில் நின்ற ஒரு படகில் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. விசாவுக்காகச் சென்னையில் வரிசையில் நின்றபோது காகிதத்தில் பார்த்துப் பயந்த பெயர். நேரில் பார்த்தால் பக்கத்து வீட்டில் யாரோ ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: மியூசியத்தில் ஒரு அறை

இது பலருக்குத் தெரிவதில்லை. பாரிஸின் லூவ்ரில் 26 வயதுக்குக் கீழே, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களுக்கு நுழைவு இலவசம். குடியுரிமை தேவையில்லை, வசிப்பது போதும். ரெசிடென்ஸ் கார்டைக் காட்டினால் ஆயிற்று. நேரத்தை மட்டும் முன்பதிவு செய்ய வேண்டும். பிரான்ஸின் பல தேசிய அருங்காட்சியகங்களிலும் இதே சலுகை உண்டு. இந்தியாவிலிருந்து சுற்றுலா வரும் உங்கள் மாமா முழுக்கட்டணம் கொடுப்பார், நீங்கள் கொடுக்க வேண்டாம். இருபத்தாறாவது பிறந்தநாளுக்கு முன் பாரிஸை முடித்துவிடுங்கள். இத்தாலியில் மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். மாட்ரிட்டின் பிராடோவில் மாலை கடைசி இரண்டு மணி நேரம் இலவசம்.

இலவசம் என்பதால் எல்லா அறையையும் பார்த்துத் தீர்க்கப் போகாதீர்கள். முதல்முறை லூவ்ரில் ஐந்து மணி நேரம் நடந்து எனக்கு மிஞ்சியது கால்வலிதான். இரண்டாம் முறை ஒரே ஒரு பகுதிக்குப் போய், பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டம் பொறித்த கருங்கல் முன் முக்கால் மணி நேரம் நின்றேன். வெளியே வந்து ரொட்டி வாங்கிக்கொண்டு நதிக்கரையில் உட்கார்ந்தேன். அந்த எழுத்துகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

ஆறாம் படி: ஞாயிற்றுக்கிழமையைக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரு சமூகம் எப்படி இருக்கிறது என்பது அவர்கள் ஓய்வெடுக்கும் நாளில் தெரியும்.

ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். இது எல்லோரும் சொல்வார்கள். சத்தமும் மூடியிருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஊரிலிருந்து சுமந்துவந்த டேபிள்டாப் கிரைண்டரை ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குப் போட்டேன். பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் பாட்டி. கோபமில்லை. "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்றார். அவ்வளவுதான் வாக்கியம். மேலே விளக்கம் எதுவும் தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உளுந்து பாதி அரைபட்டு நின்றது. மறுநாள் இட்லி கல்லாகத்தான் வந்தது. அடுத்த வாரம், சனிக்கிழமை அரைத்த மாவில் நான்கு தோசை வார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்துதான் எனக்கு அந்த ஊர் திறந்தது.

பாட்டியிடமிருந்து ஒருமுறை மாலை ஏழு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லி அழைப்பு. மதியமே பட்டினி போட்டுவிட்டுப் போனேன். மேசையில் ரொட்டி, வெண்ணெய், நான்கு வகைச் சீஸ், ஊறுகாய் வெள்ளரி. அடுப்பு அணைந்திருந்தது. இனிமேல்தான் ஏதோ வரும் என்று அரை மணி நேரம் மெதுவாகக் கொறித்தேன். ஒன்றும் வரவில்லை. மாலை உணவுக்கே அவர்கள் பெயர் "மாலை ரொட்டி" என்று அப்புறம்தான் புரிந்தது. சுடச்சுட இரவுச் சாப்பாடு என்பது நம் வீட்டு வழக்கம், உலக வழக்கம் இல்லை.

மொழியிலும் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஜெர்மனில் 'டூ', 'ஸீ' என்று இரண்டு உண்டு. பிரெஞ்சில் 'தூ', 'வூ'. இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். நமக்கு நீ, நீங்கள் பிறந்ததிலிருந்தே பழக்கம். ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். பெரியவரை நாம் கடைசிவரை 'நீங்கள்' என்றுதான் சொல்வோம். அவர்கள் ஒருநாள் "இனி நாம் டூ சொல்லிக்கொள்ளலாமே" என்று சொல்லி மாற்றிக்கொள்கிறார்கள். அதைச் சொல்ல உரிமை மூத்தவருக்கு. எழுபத்தெட்டு வயதுப் பாட்டி என்னிடம் அப்படிச் சொன்னபோது வாயில் 'டூ' வரவேயில்லை. மூன்று வாரம் பெயர், பிரதிப்பெயர் எதுவும் இல்லாத வாக்கியங்களாகப் பேசிச் சமாளித்தேன்.

பிரான்ஸில் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நேரே விலை கேட்டால் அவர்கள் முகம் மாறும். அவர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று நம்மவர்கள் சொல்வதில் பாதிக் காரணம் இந்த ஒரு சொல்தான் என்பது என் எண்ணம்.

திருவிழா நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 11 மாலை குழந்தைகள் காகித விளக்கேந்தி புனித மார்ட்டின் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் போவார்கள். நம் கார்த்திகையும் அதே பருவத்தில்தான் வரும், இருட்டில் அந்த வரிசையைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். அதே நாள் காலை 11 மணி 11 நிமிடத்துக்கு ரைன் பக்கத்தில் கார்னிவல் பருவமும் தொடங்கிவிடுகிறது. அது உச்சம் தொடுவது தவக்காலத்துக்கு முந்திய வாரத்தில். அந்த வாரத்து வியாழக்கிழமை பெண்கள் கத்தரிக்கோலோடு வந்து ஆண்களின் டையை வெட்டுவார்கள். அன்றைக்கு ஒரு இன்டர்வியூ இருந்தது. அப்பா வாங்கித் தந்த பட்டு டை. வாசலில் இருந்த அம்மணி ரொம்ப மரியாதையாக அனுமதி கேட்டார், அதற்குள் நான் தலையாட்டிவிட்டேன். மிச்சத்தை இன்னும் வைத்திருக்கிறேன், நான்கு விரல் நீளம்.

ஏழாம் படி: நம் தடங்களைத் தேடிப் போங்கள்

ஊர் ஞாபகம் வாட்டும் மாதம் பிப்ரவரி. வெயில் இருக்காது. அப்போதைக்கு இந்தப் படி.

ஆகனிலிருந்து ஒரே ரயில், மாறவே வேண்டாம், கடைசி ஸ்டேஷன் ஹாம். அங்கிருந்து பேருந்தில் உவென்ட்ராப். தொழிற்பேட்டைக்கு நடுவே, லாரிகள் நிற்கும் சாலையோரம், வண்ணக் கோபுரத்தோடு ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 2002-ல் குடமுழுக்கு நடந்தது. இலங்கைப் போரில் இடம்பெயர்ந்து வந்த தமிழர்கள் எழுப்பியது. கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள் இங்கே வந்தால் கொஞ்சம் வாயை மூடிக் காதைத் திறக்க வேண்டும். "தம்பி, எங்கயிருந்து வாறீங்கள்? சாப்பிட்டீங்களோ?" என்று ஒரு அம்மா கேட்டார். ஆகன் என்றேன். "அவ்வளவு தூரமே!" என்று இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். அவர் எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது முறை போனபோது அவராகவே சொன்னார். விசா வரிசையில் பட்ட கஷ்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் யாரிடமும் புலம்பியதில்லை.

பாரிஸில் லா ஷாபெல் பகுதிக்குப் போங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மல்லிகை, முருங்கைக்காய், நகைக்கடை, தமிழ்ப் பலகைகள். கோடை முடிவில் அங்கே விநாயகர் தேர் வீதியுலா வரும்போது தெருவோரம் தேங்காய் மலைபோலக் குவிந்து உடைபடும்.

கிழக்கு ஜெர்மனியில் உள்ள ஹாலேவுக்கும் ஒருமுறை போக வேண்டும். செமஸ்டர் டிக்கெட்டில் ஹாம், காசல் என்று மாறி மாறிப் போக ஒரு பகல் முழுதும் ஆகும். போகிற வழியில் நார்ட்ஹவுசன் பக்கம் மலையும் காடும் ஜன்னலில் ஓடும், ஒரு புத்தகம் படித்து முடிக்கலாம். ஹாலேவில் பிராங்கே என்ற பாதிரியார் 1698-ல் நிறுவிய அறக்கட்டளை வளாகம் இருக்கிறது. இந்த ஊரில் படித்த மதபோதகர் சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கினார், தமிழ் கற்றார், அச்சுக்கூடம் அமைத்தார். அதற்கான முதல் தமிழ் எழுத்துருக்களை ஹாலேவில்தான் வார்த்து அனுப்பினார்கள். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் இந்த ஊரில் அச்சானது. வளாகத்து ஆவணக் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பழைய அநாதை இல்லத்தின் மேல்மாடியில் ஒரு விந்தைப் பொருட்கூடம். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். கண்ணாடி அலமாரிகளில் கிளிஞ்சல், விலங்கு, நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிய பொருட்கள்.

எல்லோரும் சீகன்பால்குவைப் பற்றிப் பேசுவார்கள். நான் அங்கே நின்று நினைத்தது மலையப்பனை. சீகன்பால்கு 1714-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது உடன் கப்பலேறிய தமிழ் இளைஞர். வழியெல்லாம் அந்த இலக்கண வேலைக்குத் துணை இருந்தவர். நம்மைப்போலவே அவரும் முதல் பனிக்காலத்தைப் பார்த்திருப்பார். மாலையில் ரொட்டிதான் கொடுத்திருப்பார்கள்.

கடைசிப் படி: வெள்ளிக்கிழமை

பயணத் திட்டம் போடும்போது எல்லோரும் போகும் நேரத்தை மட்டும் பார்க்கிறார்கள், திரும்பும் ஞாயிறு இரவை யாரும் பார்ப்பதில்லை. பத்து மணிக்கு இறங்குவீர்கள். கடை மூடியிருக்கும். பெரிய ஸ்டேஷன் என்றால் உள்ளே ஒரு கடை திறந்திருக்கலாம், விலை கூடுதல். மறுநாள் எட்டரைக்கு லேப்.

அதனால் வியாழக்கிழமை இரவே அரிசியும் உளுந்தும் ஊறப்போடுங்கள். வெள்ளி காலை அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வையுங்கள். குளிர்காலத்தில் அந்த விளக்குச் சூடு இல்லாமல் மாவு புளிக்கவே புளிக்காது. மாலை ரயிலுக்குக் கிளம்பும் முன் பார்த்தால் பொங்கியிருக்கும். எடுத்துப் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். ஓவன் விளக்கை அணைக்க மறக்காதீர்கள். பாத்திரத்தில் பாதிவரை மட்டும் மாவு இருக்கட்டும். நான் ஒருமுறை முக்கால் பாத்திரம் ஊற்றிவிட்டு, பிரிட்ஜில் எடுத்து வைக்கவும் மறந்து, அவசரத்தில் ப்ராக் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அறைத்தோழன் ஓவனைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஞாயிறு என்பதால் சத்தம் வராமல், மரக்கரண்டியால்.